முதலில் சோஃபாவை நகர்த்துங்கள், டிவியை அப்புறம் வாங்கலாம்

கேள்வி: வீட்டில் ஒரு அறையை ஹோம் தியேட்டராக மாற்றப் போகிறோம். நீளம் 16 அடி, அகலம் 12 அடி, உயரம் ஒன்பதரை அடி. நீளமான சுவரில் ஒரு பெரிய ஜன்னல் இருக்கிறது. திரை 12 அடிச் சுவரில் வரும், சோஃபாவை எதிரே பின்சுவரை ஒட்டிப் போடலாம் என்று எண்ணம். 130 அங்குலத் திரையும் புரொஜெக்டருமா, 85 அங்குல டிவியா என்பதில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. பகலில் மகன் மேட்ச் பார்ப்பான், கேம் ஆடுவான். இரவில் எல்லோரும் சேர்ந்து படம் பார்ப்போம். கடைக்காரர் 7.1.4 செட் (பதினொரு ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) போடச் சொல்கிறார், நண்பர் ஒருவர் சவுண்ட்பாரே போதும் என்கிறார். இப்போதுள்ள டிவியில் அப்பாவுக்கு வசனம் புரிவதே இல்லை. சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சி வந்ததும் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறோம். பட்ஜெட்டில் முக்கால்வாசியைப் படத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். 8கே வாங்கலாமா, விலை கூடிய எச்டிஎம்ஐ கேபிள் தேவையா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: அளவுகளையெல்லாம் ஒழுங்காக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட முடிகிறது. 85 அங்குல டிவி வாங்குங்கள். 7.1.4 இப்போது வேண்டாம், ஐந்து நல்ல ஸ்பீக்கரும் இரண்டு சப்வூஃபரும் போதும். படத்துக்கு முக்கால் என்று ஒதுக்கியதைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சோஃபாவைப் பின்சுவரிலிருந்து எடுங்கள். இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன், ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன, காசு செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றமும் அதுதான்.

கணக்கைப் பாருங்கள். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே சுமார் 15 அடி இருக்கும். 85 அங்குல டிவியின் அகலம் 74 அங்குலம், அதை 15 அடியிலிருந்து பார்த்தால் உங்கள் பார்வையில் 23 பாகைதான் அடைக்கும். சினிமா பார்க்க 30 பாகையாவது வேண்டும், 40 பாகை வரை போகலாம் என்பது இந்தத் துறையில் பரவலாகப் பின்பற்றுகிற அளவு. உங்கள் வீட்டில் "85 பத்தாது, 130 வேண்டும்" என்று ஒரு கட்சி கிளம்பியதற்குக் காரணம் டிவி சின்னதாக இருப்பது இல்லை, சோஃபா தூரமாக இருப்பதுதான். அதே சோஃபாவை நாலரை அடி முன்னால் இழுத்து, உட்கார்ந்தவரின் தலை திரையிலிருந்து பத்தரை அடியில் இருக்கும்படி போடுங்கள். இப்போது அதே 85 அங்குலம் 33 பாகையை நிரப்பும். பின்சுவரில் உட்கார்ந்து 120 அங்குலத் திரையைப் பார்த்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு. பத்தரை அடியிலிருந்து 130 அங்குலத்தைப் பார்த்தால் 48 பாகை வரும், அது முன்வரிசையில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற கதை. சிலருக்கு அது பிடிக்கும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நான் போட மாட்டேன்.

அந்தப் பத்தரை அடி நான் கண்ணுக்காக மட்டும் சொன்னதில்லை. காதுக்கும் அதே இடம்தான் நல்லது, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. தாழ்ந்த ஒலிகளின் அலைநீளம் மிகப் பெரியது, 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை எட்டரை மீட்டருக்கும் மேல், அதாவது உங்கள் அறையை விட நீளம். அப்படிப்பட்ட ஒலி சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் மோதி, சில இடங்களில் பூதாகரமாகவும் சில இடங்களில் காணாமலும் போகிறது. 16 அடி நீளத்துக்கு இது 35 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கும், 12 அடி அகலத்துக்கு 47, உயரத்துக்கு 59 ஹெர்ட்ஸ். பின்சுவரை ஒட்டிய இடத்தில் நீளவாட்டில் மோதும் இந்த ஒலிகள் எல்லாமே உச்சத்தில் இருக்கும், அதனால்தான் பின்சுவர் சோஃபாவில் உட்கார்ந்தவருக்கு எந்தப் படமும் ஒரே "தும்... தும்" என்று வீங்கிக் கேட்கிறது. சரி, அறையின் நடுவில், 8 அடியில் போடலாமா என்றால் அங்கே 35 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமல் போகும். 12 அடியில் போட்டால் அதன் இரட்டிப்பான 70 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். இந்த இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் பத்தரை அடி வருகிறது. ஓர் அரை அடி முன்னே பின்னே இருந்தால் குடி முழுகிவிடாது, சோஃபாவை மெதுவாக நகர்த்தி நகர்த்திப் பாட்டுப் போட்டுக் கேட்டாலே உங்களுக்கே வித்தியாசம் தெரிந்துவிடும்.

பின்னால் ஐந்தடி வீணாகிறதே என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். வீணாகாது. சரவுண்ட் ஸ்பீக்கர்கள் காதுக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளி இருக்க வேண்டும். நேர்முன்னை சுழியமாக வைத்தால் 100 முதல் 120 பாகைக்குள். பின்சுவரில் உட்கார்ந்தவருக்குப் பின்னால் இடமே இல்லாதபோது அதை எங்கே வைப்பது? உங்கள் கடைக்காரர் சொன்ன 7.1.4-இல் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வேறு வருகிறது, நீங்கள் எழுதிய சோஃபா இடத்தை வைத்துப் பார்த்தால் அவை இரண்டும் பின்மண்டைக்கு ஓரடி தூரத்தில் சுவரில் தொங்கும். யார் எது பேசினாலும் அந்த இரண்டுதான் காதில் விழும்.

இனி படம். பகல் மேட்ச், கேம், பெரிய ஜன்னல் என்று நீங்கள் எழுதியதை வைத்துத்தான் டிவி என்கிறேன், புரொஜெக்டர் மேல் எனக்கு எந்த மனக்குறையும் கிடையாது. முழு இருட்டில், அடர் நிறச் சுவர்களுக்கு நடுவே, நல்ல புரொஜெக்டர் தரும் அனுபவத்தை டிவி தராது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புரொஜெக்டரால் கருப்பை வீச முடியாது. திரையில் கருப்பு என்று நாம் பார்ப்பது வெளிச்சம் விழாத இடம், அவ்வளவுதான். அறையில் வெளிச்சம் இருந்தால் அந்த வெளிச்சத்தில் திரை என்ன நிறமாகத் தெரிகிறதோ அதுதான் உங்கள் கருப்பு. ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போட்டாலும் பிரச்சினை முடியாது, வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும் படத்தின் வெளிச்சத்தையே வாங்கித் திரும்பத் திரையில் அடிக்கும். புரொஜெக்டர் வைப்பதென்றால் திரையைச் சுற்றியுள்ள சுவர்களும் கூரையின் முன்பகுதியும் பளபளப்பில்லாத அடர் நிறத்துக்கு மாற வேண்டும், அந்த அறையைப் பகலில் வேறு எதற்கும் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். உங்கள் மகன் அதற்குச் சம்மதிப்பான் என்று தோன்றவில்லை.

ஒருவேளை புரொஜெக்டர் கட்சி ஜெயித்துவிட்டால், பெட்டியில் போட்டிருக்கும் லூமன் எண்ணை, அதாவது வெளிச்ச அளவை, அப்படியே நம்பாதீர்கள். ஏஎன்எஸ்ஐ அல்லது ஐஎஸ்ஓ லூமன் என்று எழுதியிருந்தால்தான் அது திரையில் விழும் வெளிச்சம். "எல்இடி லூமன்", "ஒளிமூல லூமன்" என்றெல்லாம் இருந்தால் வேறு ஏதோ கணக்கு, எப்போதும் பெரிய எண்ணாகத்தான் இருக்கும். சினிமா அரங்கில் வெள்ளைக்கு வைத்திருக்கும் அளவு 48 நிட்ஸ் (திரைப் பிரகாசத்தின் அலகு), அதை 120 அங்குல சாதாரண வெள்ளைத் திரையில் கொண்டுவர முழு இருட்டில் 600 லூமன் போதும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் கூடிய எச்டிஆர் படம் நன்றாக இருக்க அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தால் நல்லது, அதுவும் நிறம் சரியாக இருக்கும் சினிமா மோடில். கண்ணைப் பறிக்கும் பச்சை கலந்த பிரகாச மோடில் கிடைக்கும் எண் உதவாது. விளக்கு வைத்த மாடலை விட லேசர் மாடல் பலமடங்கு மணிநேரம் உழைக்கும், பாதியில் மங்குவதும் குறைவு. நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாக வீசும் ஒரு சிப் டிஎல்பி வகையில் சிலருக்கு வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் வானவில் நிறங்கள் பளிச்சிட்டுத் தெரியும், வீட்டில் எல்லோரும் ஒருமுறை நேரில் பார்த்த பிறகே வாங்குங்கள். திரையும் பத்தரை அடிக்கு 105 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம்.

டிவி என்றால் அடுத்த கேள்வி ஓஎல்இடியா, மினி எல்இடியா என்பது. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைகிறது, அதனால் இரவில் விளக்கணைத்துப் பார்த்தால் அதன் கருப்புக்கு ஈடு கிடையாது, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. மினி எல்இடியில் பின்னால் நூற்றுக்கணக்கான, நல்ல மாடலில் ஆயிரக்கணக்கான பகுதிகளாக விளக்குகள் தனித்தனியே கூடிக் குறைகின்றன. வெளிச்சம் அதிகம், ஆனால் கருப்புப் பின்னணியில் ஒரு நிலவையோ வெள்ளை சப்டைட்டிலையோ காட்டும்போது சுற்றிலும் லேசாகப் புகை படர்ந்த மாதிரி இருக்கும். இரவுப் படம் மட்டும்தான் என்றால் 77 அங்குல ஓஎல்இடியைச் சொல்லியிருப்பேன், பத்தரை அடியிலிருந்து அது சரியாக 30 பாகை. உங்கள் வீட்டில் பகல் வெளிச்சம் இருக்கிறது, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் ஸ்கோர் பட்டையும் கேமின் நிலையான சின்னங்களும் இருக்கின்றன, ஓஎல்இடியில் நாளடைவில் தழும்பு விழக்கூடியது இவற்றால்தான். அதனால் மினி எல்இடி. கடையில் பார்க்கும்போது நேரெதிரே மட்டும் நிற்காமல் சோஃபாவின் ஓரத்தில் உட்காருபவர் பார்க்கும் கோணத்திலும் நின்று பாருங்கள், சில பேனல்களில் அங்கே போனதும் கருப்பு சாம்பலாகிவிடும்.

8கே வேண்டாம். சாதாரண நல்ல பார்வை பிரித்தறியும் மிகச் சிறிய அளவு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. பத்தரை அடியிலிருந்து 85 அங்குல 4கே திரையின் ஒரு புள்ளி அதிலும் பாதிதான். கண்ணுக்கே எட்டாத நுணுக்கத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள், அதில் வந்து சேரும் படமும் பெரும்பாலும் 4கே அல்லது அதற்குக் கீழேதான்.

டிவியை உயரத்தில் மாட்டாதீர்கள். இது ஒரு நோய் போலப் பரவியிருக்கிறது, எங்கே போனாலும் டிவி நெற்றிக்கு மேலே இருக்கிறது. சோஃபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து மூன்றேகால் அடியில் இருக்கும். திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டடியில் இருந்தால் கண் திரையின் கீழ்ப்பாதிக்கு நேராக வரும், இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பிறகும் கழுத்து வலிக்காது. வாங்கியதும் "விவிட்" அல்லது "டைனமிக்" மோடை விட்டு வெளியே வந்து ஃபிலிம்மேக்கர் மோடோ சினிமா மோடோ போடுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாக இருக்கிறதே என்று தோன்றும், கண் பழகியதும் மறுபடி நீலத்துக்குப் போக மனம் வராது. படம் பார்க்கும்போது அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், நொடிக்கு 24 சட்டகத்தில் எடுத்ததை டிவி தானாகச் சட்டகம் சேர்த்து சீரியல் மாதிரி ஆக்குகிறது. மேட்ச் பார்க்கும்போது வேண்டுமானால் கொஞ்சம் இருக்கட்டும்.

இப்போது உங்கள் அப்பா. உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான் என்று நினைக்கிறேன், கடையில் அதை யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன், மெய்யெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த ஒலிகள்தான். உயிரொலி கேட்கும், அதனால் யாரோ பேசுவது தெரியும், என்ன பேசினார் என்பது தெரியாது. இதோடு தட்டையான டிவியின் ஸ்பீக்கர் கீழேயும் பின்னேயும் பார்த்து ஒலிக்கிறது, தரையிலும் சுவரிலும் பட்டுச் சிதறித்தான் அவர் காதுக்கு வருகிறது. வெறும் தரை, வெறும் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல் உள்ள அறையில் அந்தச் சிதறல் இன்னும் அதிகம். சத்தத்தைக் கூட்டினால் சிதறலும் சேர்ந்து கூடுகிறது, அவருக்கு ஒன்றும் தெளிவாகவில்லை, உங்களுக்குக் காது வலிக்கிறது. ஒருமுறை காது பரிசோதனைக்கும் அவரை அழைத்துப் போங்கள், அது தனி விஷயம், ஆனால் அறையின் பங்கை நாம் கண்டிப்பாகச் சரிசெய்யலாம்.

வசனத்தைத் தெளிவாக்குவது சென்டர் ஸ்பீக்கர், அதாவது திரைக்குக் கீழே நடுவில் வைப்பது. சினிமாவின் வசனத்தில் மிகப் பெரும்பகுதி அந்த ஒரு ஸ்பீக்கரில்தான் வருகிறது. தனி சென்டர் இருந்தால் வசனத்தை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டிக்கொள்ள முடியும், சண்டைச் சத்தம் அப்படியே இருக்கும். ஆகவே உங்கள் ஒலி பட்ஜெட்டில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். இடது, வலது, சென்டர் மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் நடிகர் திரையின் ஓரத்துக்கு நடக்கும்போது குரல் மாறும். பல சென்டர் ஸ்பீக்கர்களில் நடுவில் உயர்ந்த ஒலிக்கு ஒரு சிறு ட்வீட்டரும் இருபுறமும் தாழ்ந்த ஒலிக்கு இரண்டு வூஃபரும் மட்டும் படுக்கைவாட்டில் இருக்கும். நேரெதிரே உட்கார்ந்தவருக்கு நன்றாகக் கேட்கும், சோஃபா ஓரத்தில் இருப்பவருக்குக் குரலின் ஒரு பகுதி குழிந்துபோகும், இரண்டு வூஃபரின் ஒலியும் அந்தக் கோணத்தில் ஒன்றையொன்று அழிப்பதால். நடுவில் ட்வீட்டரும் அதற்குக் கீழே நடுத்தர ஒலிக்கு ஒரு மிட்ரேஞ்சும் செங்குத்தாக அடுக்கிய மூன்றுவழி சென்டர் கிடைத்தால் அதை எடுங்கள். விலை கூடும், கூடட்டும். அதை டிவி ஸ்டாண்டுக்குள் தள்ளி அலமாரிப் பொருள் மாதிரி வைக்காதீர்கள், முன்விளிம்புக்கு இழுத்து, கீழே ஒரு சிறு ரப்பர் கட்டை கொடுத்து, ஸ்பீக்கரின் முகம் அப்பாவின் காதைப் பார்க்கும்படி மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஒன்பது அடி, ட்வீட்டர் காது உயரத்தில். பக்கச் சுவரிலிருந்து ஓரடிக்குக் குறையாமல் தள்ளியிருக்கட்டும். சரவுண்ட் இரண்டும் சோஃபாவுக்குச் சற்றுப் பின்னால், காதை விட ஓரடி உயரத்தில் இருந்தாலும் பரவாயில்லை. சரவுண்டுக்குச் சிறிய மாடலே தாராளம், அங்கே மிச்சம் பிடிக்கலாம்.

7.1.4 என்பதன் அர்த்தம் காது மட்டத்தில் ஏழு, சப்வூஃபர் ஒன்று, கூரையில் நான்கு. எண்ணிக்கை ஏறினால் நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் உங்கள் பணத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அதே தொகையைப் பதினொன்றாகப் பிரித்தால் பதினொரு சுமாரான ஸ்பீக்கர் கிடைக்கும், ஐந்தாகப் பிரித்தால் ஐந்து நல்ல ஸ்பீக்கர் கிடைக்கும். தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் நல்ல விஷயம், மழையும் ஹெலிகாப்டரும் தலைக்கு மேல் வரும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதற்குக் கூரையில் நான்கு புள்ளிகளுக்கு இப்போதே வயர் இழுத்து மூடி வையுங்கள், ஸ்பீக்கரைப் பிறகு வாங்கலாம். கூரையைப் பார்த்து ஒலித்து எதிரொலியில் வேலை செய்யும் வகையை நான் சிபாரிசு செய்வதில்லை, வயர் இழுக்கவே முடியாத வீட்டுக்கு மட்டும் அது.

சவுண்ட்பார் பற்றி உங்கள் நண்பர் சொன்னது தவறில்லை, வேறு அறைக்குப் பொருத்தமானது. வரவேற்பறையில் ஒயரே தெரியக் கூடாது என்றால் நல்ல சவுண்ட்பார் சரிதான். உங்களிடம் தனி அறை இருக்கிறது, ஒயர் இழுக்கும் கட்டத்தில் இருக்கிறீர்கள். சவுண்ட்பாரில் பல மாடல்களில் பழுதானால் முழுவதும் போகும், இதில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம், ஒரு நல்ல ஸ்பீக்கர் இருபது வருடமும் உழைக்கும்.

சப்வூஃபர் ஏன் இரண்டு? மேலே சொன்ன அதே அலைக்கணக்குதான். சோஃபா அகலவாட்டில் நடுவில் இருக்கும், அங்கே 47 ஹெர்ட்ஸ் பள்ளம் விழும். இடச் சுவரின் நடுவில் ஒன்றும் வலச் சுவரின் நடுவில் ஒன்றுமாக இரண்டு சப்வூஃபர் வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் எதிரெதிரே தள்ளுவதால் அந்த அகல அலை எழும்பவே எழும்பாது, சோஃபாவில் நடுவில் இருப்பவருக்கும் ஓரத்தில் இருப்பவருக்கும் ஏறக்குறைய ஒரே பேஸ் கிடைக்கும். ஒரு பெரிய சப்வூஃபரை விட இரண்டு நடுத்தரம் மேல் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். பணம் இப்போது ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஒன்றை வாங்கி, அதை சோஃபாவில் நீங்கள் உட்காரும் இடத்திலேயே தற்காலிகமாக வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து எந்த இடத்தில் பேஸ் சீராகக் கேட்கிறது என்று தேடுங்கள். அந்த இடத்தில் சப்வூஃபரை வைத்தால் சோஃபாவில் அப்படியே கேட்கும். பார்ப்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் இது நம்பகமான வழி.

ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவரில் வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு சேனல் சேர்ந்து ஓடும்போது, 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, குறைந்த சிதைவில் எத்தனை வாட்ஸ் என்று எழுதியிருப்பதுதான் ஒப்பிடத் தகுந்த எண். ஒரே சேனல், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு என்று சின்ன எழுத்தில் போட்டுவிட்டு மேலே பெரிதாக ஓர் எண் போடுவார்கள். 100 வாட்ஸை 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம் கூடியது போல இருக்கும், இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ். உங்கள் அறைக்கு 80, 100 வாட்ஸ் உண்மையாக இருந்தால் போதும். அதைவிட முக்கியம் ஒன்பது சேனல் வரை தாங்குவதாக இருப்பது, பின்னால் கூரை ஸ்பீக்கர் சேர்க்கும்போது மாற்ற வேண்டியிருக்காது, இரண்டு சப்வூஃபரைத் தனித்தனியாகச் சரிசெய்யும் வசதி, ஈஆர்க் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவது), கேம் கன்சோலுக்கு 4கே 120 ஹெர்ட்ஸ் ஏற்கும் எச்டிஎம்ஐ உள்வழி ஒன்றிரண்டு. கூடவே வரும் மைக்கைக் காது உயரத்தில் ஸ்டாண்டில் வைத்து, சோஃபாவின் பல இடங்களில் அளவெடுத்து, ரிசீவரின் தானியங்கிச் சரிசெய்தலை ஓடவிடுங்கள். முடிந்ததும் எல்லா ஸ்பீக்கரும் "ஸ்மால்" என்றும் 80 ஹெர்ட்ஸில் சப்வூஃபருக்குப் பிரிவதாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது, அதனால் பேஸ் திரையிலிருந்தே வருவது போலத்தான் இருக்கும். இந்தத் தானியங்கிச் சரிசெய்தல் வீங்கிய ஒலியைத் தட்டும், பள்ளத்தை நிரப்பாது. அதனால்தான் சோஃபா, சப்வூஃபர் இடத்தை முதலில் முடித்துவிடச் சொல்கிறேன்.

இரவு எல்லோரும் தூங்கும்போது பார்க்க, ரிசீவரில் நைட் மோடோ டைனமிக் ரேஞ்சை, அதாவது மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளியை, சுருக்கும் வசதியோ இருக்கும். உங்கள் வீட்டுச் சண்டைக்காட்சிப் பிரச்சினைக்கு உடனடி மருந்து அதுதான், இப்போதுள்ள டிவியிலும் அது இருக்கிறதா என்று இன்றைக்கே மெனுவில் தேடிப் பாருங்கள்.

அறைக்கு என்ன செய்வது? அறை நடுவில் நின்று ஒரு கைதட்டுங்கள், "சிங்" என்று ஓர் ஓசை தொடர்ந்தால் வசனம் அங்கே கலங்கும். சோஃபாவுக்கும் திரைக்கும் நடுவில் தடித்த கம்பளம், ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பான கனத்த திரைச்சீலை, பின்னால் மீதமுள்ள இடத்தில் புத்தகம் நிறைந்த அலமாரி. இவ்வளவிலேயே பாதி சரியாகும். மேலும் செய்ய விரும்பினால் நீங்கள் சோஃபாவில் உட்கார, ஒருவர் பக்கச் சுவரில் முகக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வரட்டும், கண்ணாடியில் முன் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில் மூன்று நான்கு அங்குலம் தடிமனான ராக்வூல் பலகையைத் துணி போர்த்தி மாட்டுங்கள். முட்டை அட்டையும் ஓரங்குலத் தடிமன் ஃபோமும் வாங்காதீர்கள். முதலாவது ஏறக்குறைய ஒன்றுமே செய்யாது. இரண்டாவது மேல்நிலை ஒலியை மட்டும் தின்றுவிட்டு பேஸை அப்படியே விட்டுவைக்கும், மலிவான ஃபோம் தீப்பற்றினால் ஆபத்தும்கூட. பக்கத்து அறைக்குச் சத்தம் போகாமல் தடுப்பது முற்றிலும் வேறு வேலை, அதற்குக் கனமும் காற்று புகாத அடைப்பும் வேண்டும். கதவைக் கனமானதாக்கி இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினால் முதற்கட்டத்துக்குப் போதும்.

இவ்வளவையும் சேர்த்து பட்ஜெட்டை இப்படிப் பிரிப்பேன்: பத்துப் பங்கில் டிவிக்கு நான்கு, ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் மூன்றரை, ரிசீவருக்கு ஒன்றரை, கம்பளம், திரைச்சீலை, பலகை, வயருக்கு ஒன்று. டிவியை ஏழெட்டு வருடத்தில் எப்படியும் மாற்றுவீர்கள், ஸ்பீக்கரை மாற்ற மாட்டீர்கள். பணம் குறைந்தால் டிவியில் ஒரு படி இறங்குங்கள், சென்டரில் இறங்காதீர்கள்.

கேபிள். டிஜிட்டல் சைகை முழுதாகப் போய்ச் சேர்ந்தால் படம் வரும், சேராவிட்டால் மினுக்கும், புள்ளி புள்ளியாகப் பொரியும், இல்லை திரையே கருப்பாகும். பத்து மடங்கு விலை கொடுத்தால் நிறம் ஆழமாகும் என்பதெல்லாம் கிடையாது. ரிசீவர் டிவிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டு மூன்று மீட்டருக்குள் முடிந்துவிடும். பெட்டியில் "அல்ட்ரா ஹை ஸ்பீட்" சான்று ஒட்டியிருக்கும் சாதாரண விலைக் கேபிள் எடுங்கள், அது நொடிக்கு 48 கிகாபிட் வரை தாங்கும். என்றாவது புரொஜெக்டருக்குப் போகும் ஆசை இருந்தால் முன்சுவரிலிருந்து கூரை வழியாகப் பின்பக்கம் வரை ஒரு பைப் மட்டும் இப்போதே பதித்து உள்ளே ஒரு நூல் விட்டு வையுங்கள். அந்தத் தூரத்துக்கு ஒளியிழை எச்டிஎம்ஐதான் சரிப்படும், அதற்கு ஒரு முனை அனுப்பும் முனை, மறுமுனை வாங்கும் முனை, மாற்றிச் செருகி சுவருக்குள் மூடிவிட்டால் மறுபடி இழுக்க வேண்டியதுதான். பைப் அகலமாக, வளைவுகள் மெதுவாக இருக்கட்டும். ஸ்பீக்கர் வயர் 14 கேஜ் செம்பு, அலுமினியத்துக்குச் செம்பு பூசியது வேண்டாம்.

கதவு எந்தச் சுவரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பக்கச் சுவரின் நடுவில் இருந்தால் நான் சொன்ன இடத்தில் சப்வூஃபர் வைக்க முடியாது, அப்போது முன்சுவர் நடுவிலும் பின்சுவர் நடுவிலும் ஒவ்வொன்று வைத்துப் பார்க்க வேண்டும். கதவு, ஜன்னல், பிளக் பாயிண்ட் மூன்றையும் குறித்து கையால் ஒரு படம் வரைந்து அனுப்புங்கள், வயர் எந்தெந்த இடத்தில் வெளியே வர வேண்டும் என்று அதிலேயே குறித்துத் தருகிறேன். சுவர் பூசுவதற்கு முன் அனுப்பினால் நல்லது.